ஃபேஸ்லிஃப்ட்: பாரத்தைத் தாங்குவது தோலா, அதன் லைனிங்கா?

1995-ல் அமெரிக்காவில் நான்கு பிளாஸ்டிக் சர்ஜன்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். அச்சில் வார்த்ததுபோல் ஒரே முகம் கொண்ட இரட்டையர் இரண்டு ஜோடியைப் பிடித்து, ஆளுக்கு ஒருவராக நான்கு பேருக்கும் ஃபேஸ்லிஃப்ட், அதாவது இறங்கிய முகத்தைத் தூக்கிவிடும் அறுவை, செய்தார்கள். நான்கு முகத்துக்கும் நான்கு விதமான அறுவை. டேனியல் பேக்கர், சாம் ஹாம்ரா, ஜான் ஔஸ்லி, ஆஸ்கார் ராமிரெஸ் என்ற அந்த நால்வரும் ஆளுக்கொரு முறைக்குக் கொடி பிடித்தவர்கள். யார் முறை உசத்தி என்ற பழைய சண்டையைத் தீர்க்க இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? ஒரே மரபணு, ஒரே வயது, ஒரே மாதிரி இறங்கத் தொடங்கிய கன்னம். ஓராண்டு, ஆறாண்டு, பத்தாண்டு கழித்துப் படங்கள் எடுத்தார்கள். பத்தாண்டுப் படங்களோடு 2009-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் கட்டுரை வெளிவந்தது.

முடிவு என்ன என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த நால்வரும் எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்று தெரிய வேண்டும். ஏனென்றால் அதே சண்டை இப்போது சர்ஜன்களின் மாநாட்டு அரங்கைத் தாண்டி நம் கைபேசிக்கே வந்துவிட்டது. 2021-ல் ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் நியூயார்க்கில் ஆண்ட்ரூ ஜகோனோ என்ற சர்ஜனிடம் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டு, தலையில் போட்ட கட்டும், கழிவு நீர் வடியும் குழாயும் தெரிய இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். மூடி மறைக்கிற விஷயமாக இருந்தது ஒரே நாளில் பேசுகிற விஷயமானது. அதிலிருந்து ‘டீப் பிளேன்’ (ஆழமான தளம்) என்ற சொல் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. பக்கத்திலேயே ‘மினி லிஃப்ட்’, ‘எஸ் லிஃப்ட்’, ‘மேக்ஸ் லிஃப்ட்’, நூல் போட்டுத் தூக்குவது என்று ஒரு பெரிய மெனு கார்டு.

முதலில், முகம் ஏன் இறங்குகிறது?

இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மெத்தையில் அங்கங்கே நூல் கோத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள், பஞ்சு நகராமல் இருப்பதற்காக. வருஷங்கள் போகப் போக பஞ்சு அமுங்குகிறது, மேல்துணி தளர்கிறது. முடிச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளைவு, முடிச்சுக்கு முடிச்சு பள்ளம், இடையில் மேடு. முகத்திலும் தோலை எலும்போடோ தசையின் உறையோடோ கட்டி வைக்கும் நார்கள் சில குறிப்பிட்ட இடங்களில் இருக்கின்றன: கன்ன எலும்பின் மேல், மெல்லும் தசையின் முன்னோரத்தில், தாடையின் முன்பகுதியில். கன்னத்துக் கொழுப்பு இறங்கி வந்து தாடையின் அந்த முடிச்சில் தட்டி நிற்பதால்தான் வாய்க்கோடிக்குக் கீழே, தாடையோரத்தில் ஒரு சிறு பை தொங்குகிறது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு வரும் மடிப்பும் இப்படித்தான் ஆழமாகிறது.

பஞ்சு அமுங்குவதும் உண்மைதான். ராட் ரோரிச்சும் ஜோயல் பெஸ்ஸாவும் இறந்தவர்களின் முகத்தில் சாயம் செலுத்திப் பார்த்து, முகக் கொழுப்பு ஒரே படலமாக இல்லை, தனித்தனி அறைகளாக இருக்கிறது என்று 2007-ல் காட்டினார்கள். ஒவ்வோர் அறையும் தன் போக்கில் வற்றுகிறது, தன் போக்கில் இறங்குகிறது. இதற்கெல்லாம் அடியில் எலும்பே தேய்கிறது. கண்குழி அகலமாகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது. தோல் சுருங்குவது இந்தக் கதையில் ஒரு பகுதி மட்டுமே.

ஒரு சின்ன சோதனை. கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்துப் பாருங்கள். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும். பிறகு எழுந்து நின்று, காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து தோலை மட்டும் காதுப் பக்கமாக இழுங்கள். வாய் அகலமாகும், கன்னம் தட்டையாகும், எதிர்க்காற்றில் பைக் ஓட்டுகிறவர் முகம் மாதிரி இருக்கும். இப்போது உள்ளங்கையைக் கன்னத்தில் நன்றாக அழுத்தி, சதையோடு சேர்த்து நெற்றிப்பொட்டை நோக்கி மேலே தள்ளுங்கள். தாடையோரப் பை மறைகிறது, கன்னம் பழைய இடத்துக்குப் போகிறது, முகம் உங்கள் முகமாகவே இருக்கிறது. நூறு வருஷ ஃபேஸ்லிஃப்ட் வரலாறு என்பது முதல் அசைவிலிருந்து இரண்டாவது அசைவுக்கு வந்து சேர்ந்த கதை.

முதல் எழுபது வருஷம் எல்லோரும் தோலைத்தான் இழுத்தார்கள். பெர்லினில் ஆய்கன் ஹோலாண்டர், ஒரு போலந்துச் சீமாட்டியின் வற்புறுத்தலுக்கு இணங்கி 1901-ல் காதோரம் தோலைச் சீவித் தைத்ததாகப் பிற்பாடு எழுதினார். எரிக் லெக்ஸர் 1906-ல் ஒரு நடிகைக்குச் செய்ததாகச் சொன்னார். இருவருமே பல வருஷம் கழித்துத்தான் இதை எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அழகுக்காகக் கத்தி எடுப்பது அன்றைக்கு மருத்துவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அந்தக் கூச்சம் இல்லாதவர் பாரிஸில் இருந்த சூசன் நோயல். பெண்ணுரிமைக்காகப் போராடியவர், 1926-ல் அழகு அறுவையின் சமூகப் பங்கு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். முகத்தில் வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து வந்த பெண்களை அவர் வீண் ஆடம்பரம் தேடி வந்தவர்களாகப் பார்க்கவில்லை. அவர் செய்ததும் சின்ன அறுவைதான்: முடிக்குள்ளும் காதோரமும் தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தைப்பது.

தோலை மட்டும் இழுப்பதில் என்ன கோளாறு? தோல் என்பது இழுத்தால் கொடுக்கிற பொருள். கர்ப்பிணியின் வயிறு எப்படி விரிகிறது என்று பார்த்தால் போதும். இழுத்துக் கட்டிய தோல் கொஞ்ச நாளில் நீண்டு கொடுத்துவிடும், உள்ளே இறங்கிய சதை இறங்கிய இடத்திலேயே இருக்கும். விட்டுப்போகும் என்று தெரிந்து சர்ஜன் இன்னும் இறுக்கி இழுத்தால் பாரம் முழுக்கத் தையலில் விழும். தழும்பு அகலமாகும், காதுமடல் கீழ்நோக்கி இழுபட்டு கன்னத்தோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகும். பழைய ஹாலிவுட் முகங்கள் சிலவற்றில் பார்க்கும் அந்த விறைப்பு இப்படி வந்ததுதான்.

திருப்பம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஸ்வீடனில் டோர்ட் ஸ்கூக், தோலை அதன் அடிப்படலத்திலிருந்து பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாகத் தூக்குவதை 1974-ல் எழுதினார். 1976-ல் பாரிஸில் விளாதிமிர் மிட்ஸும் மார்ட்டின் பெய்ரோனியும் அந்தப் படலத்தைத் துல்லியமாக வரைந்து காட்டி அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் சுருக்கம்தான் ‘ஸ்மாஸ்’. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகபாவத் தசைகளோடு இணைந்து, கழுத்தில் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையாகத் தொடரும் படலம் அது. ரவிக்கைக்கு லைனிங் மாதிரி. பட்டுத் துணியைப் பிடித்து இழுத்தால் துணி கிழியும் அல்லது விரியும்; தையற்காரர் லைனிங்கில் பாரத்தை ஏற்றி, பட்டை அதன் மேல் சும்மா படிய விடுவார். இன்றைய எல்லா நல்ல ஃபேஸ்லிஃப்டுக்கும் இதுதான் அடிப்படை. லைனிங்கை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

எளிய வழி, லைனிங்கை வெட்டாமல் மடித்துப் பிடித்துத் தைப்பது. தோலைப் பிரித்து விலக்கியபின், ஸ்மாஸில் நூலைக் கோத்து மடிப்பெடுத்து இறுக்குவார்கள். இதிலேயே ஒரு படி மேலே போனவை, லைனிங்கை வெட்டித் தூக்கி மேலே ஏற்றித் தைக்கும் முறைகள். பேக்கரின் வழி இரண்டுக்கும் நடுவில். கன்ன எலும்பு மேட்டிலிருந்து தாடை மூலை வரை சாய்வாக ஒரு நாடா அகலத்துக்கு ஸ்மாஸை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிடுவார்.

ஏன் சரியாக அந்தச் சாய்கோடு? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்கு முன்னால் வீங்குமே, அந்த உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்தான் முக நரம்பு ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. கண் மூடுவது, சிரிப்பது, உதடு குவிப்பது எல்லாம் அந்தக் கிளைகளின் வேலை. சுரப்பி இருக்கும் வரை நரம்பு அதற்குள் பத்திரமாக இருக்கிறது. சுரப்பியின் முன்னோரத்தைத் தாண்டி வெளியே வந்ததும் அதன் மேல் ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான் மூடியிருக்கும். ஸ்மாஸுக்கு அடியில் அந்த எல்லையைத் தாண்டிப் போகும் சர்ஜன், வெங்காயச் சருகுக்குக் கீழே நரம்பு ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். பேக்கர் அந்த எல்லைக் கோட்டிலேயே வெட்டி, தைத்து, திரும்பிவிடுகிறார். நேரமும் மிச்சம், ஆபத்தும் குறைவு. கன்னத்தின் நடுப்பகுதி அவ்வளவாகத் தூக்கப்படுவதில்லை என்பது அதற்கு எதிர்க்கட்சி சொல்லும் குறை.

அந்த எதிர்க்கட்சியின் தலைவர் ஹாம்ரா. 1990-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘டீப் பிளேன்’ என்ற பெயர் வருகிறது. கண்ணின் வெளிக்கோடியிலிருந்து தாடை மூலைக்கு மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். காதிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் தோலை மட்டும் பிரிப்பார்கள். கோட்டில் ஸ்மாஸைக் கீறி அதன் அடியில் நுழைந்து, அங்கிருந்து மூக்கை நோக்கி முன்னேறுவார்கள். முன்கன்னத்தில் தோலும் கொழுப்பும் ஸ்மாஸும் பிரியாமல் ஒரே கனத்த போர்வையாக மேலே வருகிறது. போகும் வழியில் அந்த மெத்தை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். முழு முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. முடிச்சை அவிழ்க்காமல் எவ்வளவு பலமாக இழுத்தாலும் பாதி வழியில் நின்றுவிடும். அவிழ்த்துவிட்டால் அதிகம் இழுக்கவே வேண்டாம், மேலே கொண்டுபோய் வைத்தால் போதும். தோலின் ஓரத்தைக் கடைசியில் தைக்கும்போது அது தளர்வாக, தொட்டால் சேரும் நிலையில் இருக்கும்.

நரம்பு? சிரிக்கும்போது வாய்க்கோடியை மேலே தூக்கும் தசைக்கு நரம்பு அடிப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே அந்தத் தசையைக் கண்டுபிடித்து அதன் முதுகின் மேலேயே போய்விட்டால் நரம்பு கீழே பத்திரமாக இருக்கும். கேட்க சுலபம். கையில் வருவதற்கு நிறைய உடற்கூறுப் பயிற்சி வேண்டும். இதற்குப் பரிசாகக் கிடைப்பது, கனத்த போர்வைக்கு நல்ல ரத்த ஓட்டம். தோல் கருகிப்போகும் வாய்ப்பு குறைகிறது. ஹாம்ரா 1992-ல் கண்ணைச் சுற்றியுள்ள தசையையும் போர்வையோடு சேர்த்துக்கொண்டு ‘காம்போசிட்’ என்று பெயர் மாற்றினார். இரட்டையர் சோதனையில் அவர் செய்தது அதைத்தான். பிற்காலத்தில் ஜகோனோ போன்றவர்கள் அதே தளத்தைக் கழுத்துக்குள்ளும் நீட்டினார்கள்.

ராமிரெஸ் இன்னும் ஆழத்துக்குப் போனவர்: எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, எலும்பின் மேலுறையோடு சேர்த்தே நடு முகத்தைக் கிளப்பினார். கழுத்தைத் திறந்து தனியாகச் சரிசெய்தார். ஔஸ்லியின் முறை ஸ்மாஸையும் பிளாட்டிஸ்மாவையும் சேர்த்துத் தூக்கி இரண்டு திசையில் இழுப்பது.

அந்த நால்வரின் பட்டியலில் இல்லாத, ஆனால் இன்று பரவலாகச் செய்யப்படும் ஒன்று மேக்ஸ் லிஃப்ட். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேட்ரிக் டொனார்டும் அலெக்சிஸ் வெர்பலேயும் 2002 வாக்கில் கொண்டுவந்தது. காதுக்கு முன்னால் மட்டும் கீறல், பின்பக்கம் போவதில்லை. சுருக்குப் பை வாயை இறுக்குகிற மாதிரி ஸ்மாஸில் நூலை வளையமாகக் கோத்து, நெற்றிப்பொட்டுக்குக் கீழே உள்ள உறுதியான படலத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு வளையம் கழுத்துக்கு, ஒன்று தாடையோரப் பைக்கு, தேவைப்பட்டால் மூன்றாவது கன்னக் கொழுப்புக்கு. தூக்கும் திசை கிட்டத்தட்ட நேர் செங்குத்து. இது எனக்குப் பிடித்த முறை என்றே சொல்வேன், புத்திசாலித்தனமான எளிமை. ஆனால் முடிச்சுகளை இது அவிழ்ப்பதில்லை, கனமான கழுத்துக்கும் பெரிதாக உதவாது. நூல் நாளடைவில் சதையை அறுத்துக்கொண்டு தளர்வதும் உண்டு. நாற்பதுகளின் இறுதியில் இருக்கும், கன்னம் மட்டும் லேசாக இறங்கிய ஒருவருக்குப் பொருந்துவது அறுபத்தைந்து வயதுக்காரருக்குப் பொருந்தாது.

‘மினி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது அறுவை முறையின் பெயர் இல்லை. கீறல் சின்னது என்று சொல்கிறது, உள்ளே என்ன செய்தார்கள் என்று சொல்வதில்லை. அமெரிக்காவில் ‘லைஃப்ஸ்டைல் லிஃப்ட்’ என்ற நிறுவனம் ஒரு மணி நேரத்தில் முடியும் சின்ன ஃபேஸ்லிஃப்ட் என்று ஊரெங்கும் விளம்பரம் செய்தது. ஊழியர்களை விட்டு, திருப்தியடைந்த வாடிக்கையாளர்கள் போல இணையத்தில் எழுதவைத்ததற்காக 2009-ல் நியூயார்க் மாநிலத்துக்கு 3 லட்சம் டாலர் கட்டியது. 2015-ல் கடையை மூடியது. நூல் போட்டுத் தூக்குவதையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். முள் வைத்த நூல் சதையைக் கொஞ்ச மாதம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதை ஃபேஸ்லிஃப்டோடு ஒப்பிடுவது பந்தல் கயிற்றைத் தூணோடு ஒப்பிடுவது போல.

கழுத்து தனிக் கணக்கு. முகம் நன்றாக இருந்து கழுத்து அப்படியே இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். பிளாட்டிஸ்மாவின் இரு பாதிகளும் முன்னால் பிரிந்து, பேசும்போது இரண்டு கயிறுகளாகத் துருத்தி நிற்கும். முகவாய்க்கு அடியில் ஒரு சின்னக் கீறல் போட்டு, ஷூ லேஸ் மாதிரி இரண்டு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைக்கும் முறையை ஜோயல் ஃபெல்ட்மன் 1990-ல் எழுதினார். இரட்டைத் தாடை என்றதும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் என்று ஓடுவது எப்போதும் சரியில்லை. கொழுப்பு பிளாட்டிஸ்மாவுக்கு மேலே இருந்தால்தான் அது எளிதில் போகும். அடியில் இருந்தால் திறந்துதான் எடுக்க வேண்டும். மேலே உள்ளதை அதிகமாக உறிஞ்சிவிட்டால் கயிறுகள் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

இழுத்தால் மட்டும் போதாது, பஞ்சும் வைக்க வேண்டும் என்ற எண்ணம் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வேரூன்றியது. வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த சொந்தக் கொழுப்பைக் கன்னம், நெற்றிப்பொட்டு, வாயோரங்களில் துளித்துளியாகச் செலுத்துவது இன்று பல சர்ஜன்கள் ஃபேஸ்லிஃப்டோடு சேர்த்தே செய்வது. வற்றிப்போன முகத்தை எவ்வளவு தூக்கினாலும் அது தூக்கப்பட்ட வற்றிய முகமாகத்தான் இருக்கும். மேலுதட்டுக்கு மேலே செங்குத்தாக விழும் மெல்லிய கோடுகள், வெயிலில் வந்த கருமை, இமைத் தொங்கல், நெற்றி வரிகள் எதற்கும் ஃபேஸ்லிஃப்டில் மருந்து கிடையாது. அதற்கெல்லாம் வேறு வைத்தியம்.

சரி, இரட்டையர் என்ன ஆனார்கள்?

பத்தாண்டு கழித்தும் நான்கு முறைகளில் எதற்கும் அந்தக் கட்டுரை மகுடம் சூட்டவில்லை. நால்வரின் முகமும் பயனடைந்திருந்தது, நால்வருக்கும் காலம் நகர்ந்திருந்தது. ஒன்றில் கழுத்து மேல், இன்னொன்றில் கன்னம் மேல் என்று கண்ணுள்ளவர்கள் வாதிடலாம். இரண்டு ஜோடியை வைத்து சட்டம் எழுத முடியாது என்பதும் சரிதான். ஆனால் இதற்கு முன்பே, 1996-ல், நியூயார்க்கில் ஐவி, லோரன்ஸ், ஆஸ்டன் மூவரும் இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்து வெளியிட்டிருந்தார்கள். 21 பேருக்கு முகத்தின் ஒரு பாதியில் ஒரு முறை, மறு பாதியில் வேறொரு முறை. ஒரு பக்கம் எளிய ஸ்மாஸ் வழி, மறுபக்கம் ஆழமான வழி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பாதிகளுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஆள், ஒரே கை, ஒரே நாள்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த 21 முகத்திலும் இரண்டு பக்கமும் பாரம் ஸ்மாஸில்தான் ஏற்றப்பட்டது. தோலை மட்டும் இழுத்த பக்கம் ஒன்றுகூட இல்லை. லைனிங்கைப் பிடிப்பது என்ற முக்கிய முடிவு எடுத்தபிறகு, எப்படிப் பிடிப்பது என்பது முகத்தையும் கையையும் பொறுத்து நகர்கிற இரண்டாம் கேள்வி. பேக்கரின் முறையை ஆயிரம் முறை செய்த கை, டீப் பிளேனைப் பத்து முறை செய்த கையைவிட நல்ல முகம் தரும். டீப் பிளேனுக்கு உண்மையான பலம் கனமான முகத்திலும், ஆழமான நடுக்கன்ன மடிப்பிலும், ஏற்கெனவே ஒரு முறை செய்து தளர்ந்த முகத்திலும்தான் அதிகம் என்று அதைச் செய்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விளம்பரம் அதை எல்லோருக்குமான கிரீடமாக ஆக்கிவிட்டது.

எத்தனை காலம் நிற்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. லண்டனில் பாரி ஜோன்ஸ் தன் நோயாளிகளை ஐந்தரை ஆண்டு கழித்து அளந்து 2012-ல் எழுதியபோது, அவர்களில் 76 சதவீதம் பேர் அறுவைக்கு முன் இருந்ததைவிட இன்னும் இளமையாகவே தெரிந்தார்கள். முதலில் தளர்ந்தது கழுத்து.

எல்லா முறைக்கும் பொதுவான ஆபத்தில் முதல் இடம் ரத்தக்கட்டு. பெண்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வரும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆண்களில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, தாடிமயிர்க் கால்களுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, வலி ஏறிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுத் தூங்கக் கூடாது, ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிட வேண்டும். உடனே திறந்து வெளியேற்றாவிட்டால் மேலே உள்ள தோல் செத்துவிடும். ரத்த அழுத்தம் ஏறுவதுதான் முக்கியக் காரணம். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை மாதிரியானவற்றை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், இதய மருந்தாக இருந்தால் அதை எழுதிய மருத்துவரையும் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

அடுத்தது சிகரெட். தாமஸ் ரீஸ் 1984-ல் எழுதியதில், புகைப்பவர்களுக்குத் தோல் கருகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12.5 மடங்கு. நல்ல சர்ஜன் புகைப்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். முக நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே என்றாலும், சில வாரம் உதட்டின் ஒரு பக்கம் சோர்ந்து நிற்பது அதைவிடச் சகஜம்.

நம்மைப் போன்ற பழுப்புத் தோலுக்கு மேற்கத்திய விளக்கங்களில் அதிகம் வராத சில கேள்விகள் உண்டு. தோல் தடிப்பாக இருப்பதால் மெல்லிய சுருக்கம் தாமதமாக வரும், ஆனால் கனத்த கன்னமும் தாடையும் சீக்கிரம் இறங்கும். தோலை மட்டும் இழுக்கும் எந்த முறையும் இங்கே இன்னும் மோசமாகத் தோற்கும். காது குத்திய இடத்தில் தடித்த தழும்பு வளர்ந்த கதை உங்களுக்கோ உங்கள் குடும்பத்திலோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். முடியை விரித்துவிடும் பழக்கம் உள்ளவருக்குக் காதின் பின்பக்கத் தழும்பு பெரிய விஷயம் இல்லை. கொண்டை போட்டுப் பூ வைக்கிறவருக்கு முதலில் தெரிவது அந்த இடம்தான், ஆகவே கீறல் முடிக்குள் போகிறதா, முடியோரமாகவா என்று படம் வரைந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆண்களுக்கு இதில் வேறொரு வேடிக்கை: தாடி வளரும் தோல் மேலே நகர்வதால் சிலர் காதுக்குப் பின்னாலும் சவரம் செய்ய வேண்டி வரும்.

காது இன்னொரு விதத்திலும் குறுக்கே வருகிறது. ஃபேஸ்லிஃப்டில் அதிகம் அடிபடும் பெரிய நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு இல்லை. கழுத்துப் பக்கவாட்டில் ஏறி வந்து காதுமடலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு. அதற்கு அடிபடாவிட்டாலும், தோலைப் பிரித்ததாலேயே காதோரம் சில மாதம் மரத்துத்தான் இருக்கும். பாரமான ஜிமிக்கியால் ஏற்கெனவே நீண்டுபோன துளையோடு வருகிறவர்களுக்கு சில சர்ஜன்கள் அதையும் அதே மேஜையில் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். திரும்பத் தோடு போட அனுமதி கிடைக்கும் நாளில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திருகாணியை முடுக்க வேண்டும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அந்தக் காது இன்னும் கொஞ்ச நாளைக்குச் சொல்லாது.